கினிகத்தேனை ஏற்றத்தில் தட்டுகிற கிளான்சா

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழுகிற நேரம் (பொறி முந்தினால் டைமிங் கூட, பிந்தினால் குறைவு) சம்பந்தப்பட்டவை, அதிலும் முக்கால்வாசி பழைய டர்போ கார்கள். ஒன்றை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்களுக்கும் அதிலேயே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கேள்வி: வணக்கம் அண்ணே. என்னிடம் 1997ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லட் கிளான்சா வீ இருக்கிறது, டர்போ, மெனுவல் கியர். டைமிங் பெல்ட் மாற்றியதிலிருந்துதான் கரைச்சல். கித்துல்கலயிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும்போது மூன்றாம் கியரில் மிதித்தால் டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். இழுவையும் முன்னைப் போல இல்லை, ஹீட் முள்ளும் கொஞ்சம் ஏறுகிறது. ஆனால் ஹட்டன் தாண்டி நானுஓயாப் பக்கம் போனால் சத்தமே கிடையாது. பெல்ட் மாற்றிய கராஜில் காட்டினேன், டிஸ்டிரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிவிட்டார்கள், சத்தம் குறைந்தது, இருந்த இழுவையும் போய்விட்டது. வேறொரு மெக்கானிக் பாஸ் மறுபக்கம் திருப்பினார், சத்தம் திரும்ப வந்துவிட்டது. ஒருத்தர் டைமிங் கூட என்கிறார், இன்னொருத்தர் குறைவு என்கிறார், மூன்றாமவர் கீழே அடித்த பெற்றோல் சரியில்லை என்கிறார். யாரை நம்புவது?
– கொட்டகலை வாசகர்

பதில்: தம்பி, இப்போதைக்கு மூன்று பேரையும் நம்ப வேண்டாம். உங்கள் கடிதத்தில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்டிரிபியூட்டர் இரண்டு தடவை திரும்புகிறது, ஆனால் பொறி விழுகிற நேரத்தைக் காட்டுகிற டைமிங் லைட் ஒரு இடத்திலாவது வரவில்லை. காதால் கேட்டுத் திருப்புகிற வித்தை கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு ஒருவாறு சரிப்பட்டு வந்தது. உங்கள் காரில் இருக்கிற 4ஈ-எஃப்டிஈ எஞ்சினில் எந்த நேரத்தில் பிளக் பொறிய வேண்டும் என்று தீர்மானிப்பது கம்பியூட்டர். டிஸ்டிரிபியூட்டர் அதற்கு ஒரு ஆரம்பப் புள்ளியை மட்டும் கொடுக்கிறது. அந்தப் புள்ளி ஐந்து டிகிரி தப்பாக இருந்தால் கம்பியூட்டர் போடுகிற கணக்கு முழுக்க ஐந்து டிகிரி தப்பும், தான் தப்புவது அதற்குத் தெரியவும் தெரியாது.

பெற்றோல் கதையை முதலில் முடித்துவிடுவோம். அந்தக் கல்லுச் சத்தம்தான் தட்டுவது, சிலிண்டருக்குள் பெற்றோல் தாறுமாறாக வெடிக்கிற சத்தம். கீழே தட்டுகிறது, மேலே தட்டவில்லை என்றால் கீழே அடித்த எண்ணெய்தான் காரணம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அதே டாங்கியில் அதே எண்ணெயோடுதான் நானுஓயாவுக்கும் போனீர்கள். மாறியது காற்று. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல், ஹட்டனில் 87 அளவில் இருக்கும், 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 81. டர்போவின் அழுத்தம் மிஞ்சாமல் திறந்துவிடுகிற வேஸ்ட்கேட்டைப் பிடித்திருக்கிற ஸ்பிரிங் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் திறக்கிறது, ஆகவே பூஸ்ட், அதாவது டர்போ கூட்டுகிற அழுத்தத்தைக் காட்டுகிற மீற்றர் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரிக் காட்டினாலும் சிலிண்டருக்குள் போய்ச்சேருகிற மொத்த அழுத்தம் ஒன்றல்ல. கணக்குக்காக 60 கிலோபாஸ்கல் பூஸ்ட் என்று வைத்துக்கொண்டால் கித்துல்கலயில் மொத்தம் 160 அளவு, நுவரெலியாவில் 141 அளவு. அழுத்தம் குறைந்தால் தட்டுவதும் குறையும். இதோடு கீழே வெக்கை, மேலே குளிர். இன்னும் ஒன்று, டர்போவிலிருந்து வருகிற காற்றைக் குளிராக்குகிற இன்டர்கூலர் கிளான்சாவில் எஞ்சினுக்கு நேர் மேலே, பொனட் வாயிலிருந்து காற்று விழுகிற இடத்தில் இருக்கிறது. லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து கொண்டு கினிகத்தேனை வளைவுகளில் ஏறும்போது அந்த வாயால் காற்று எங்கே வரப்போகிறது, கீழேயிருந்து எஞ்சின் சூடுதான் ஏறும். இன்டர்கூலர் சூட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் லொறியை முந்துவதற்கு ஒரே மிதியாக மிதிக்கிறீர்கள், அந்த இடத்தில்தான் தட்டுகிறது. ஆகவே இந்த இட வித்தியாசம் பெற்றோலைக் குற்றம் சொல்லவில்லை. எஞ்சின் விளிம்பில் ஓடுகிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான். சோதனை ஓட்டத்தை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்கிறது. ஹட்டன் டவுனில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு “சரியாப் போச்சு” என்று சாவியைக் கொடுக்கிற பாஸிடம் கித்துல்கல வரை இறங்கி ஏறச் சொல்லுங்கள்.

இனி வேலை. டைமிங் லைட்டை எடுப்பதற்கு முன்னால் நம்ப வேண்டியது கிராங்க் புலியில் (கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கிற பெல்ட் சக்கரம்) இருக்கிற குறி, அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்தப் புலி ஒரே இரும்பு அல்ல, உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவில் ரப்பர் இருக்கிறது. வயசான வண்டிகளில் ரப்பர் விட்டு வெளிவளையம் மெல்ல வழுகிவிடும், குறியும் அதோடு சேர்ந்து போய்விடும். அப்புறம் எவ்வளவு நல்ல லைட் பிடித்தாலும் பொய்தான் தெரியும். பெல்ட் பக்கத்திலிருந்து எண்ணினால் வருகிற முதலாம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, நியூட்ரலில் போட்டு, நீளமான பிளாஸ்டிக் குச்சி ஒன்றை உள்ளே விட்டு, ஸ்பானரால் கிராங்கை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்குரூடிரைவரை விடாதீர்கள், சிக்கினால் பிஸ்டன் தலையைக் கீறும். பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் வரும்போது குச்சி அசைவதே தெரியாது, அதனால் கண்மட்டத்தில் “இதுதான் உச்சி” என்று முடிவுகட்ட முடியாது. உச்சிக்கு முன்னால் குச்சி ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கு வருகிற இடத்தில் புலியில் ஒரு கோடு, உச்சி தாண்டி அதே ஆழத்துக்கு இறங்குகிற இடத்தில் இன்னொரு கோடு, இரண்டுக்கும் சரி நடுதான் உச்சி. தொழிற்சாலைக் குறி அங்கே பூச்சியத்தோடு சேர்ந்தால் புலி நல்ல புலி.

அடுத்தது பெல்ட். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டதே பெல்ட் மாற்றியதிலிருந்து என்ற ஒரு வரிதான். பெல்ட் ஒரு பல் தப்பிப் பூட்டப்பட்டால் கிராங்க் கணக்கில் பொதுவாக 15 முதல் 20 டிகிரி வரை, வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் விலகிப்போகும். இந்த எஞ்சினில் டிஸ்டிரிபியூட்டர் கேம் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுவதால் வால்வு, பொறி இரண்டும் கூட்டாகவே விலகும். இப்போது ஒரு பாஸ் வந்து டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி பொறியை மட்டும் சரியான இடத்துக்குக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள், லைட் பிடித்தால் இருக்க வேண்டிய 10 டிகிரி அச்சொட்டாக இருக்கும், எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள், ஆனால் வால்வு திறப்பது இன்னும் பிழையான நேரத்தில். இழுவை வராது. எந்தப் பக்கம் திருப்பினாலும் வராது. இதைக் கண்டுபிடிக்க ஒரு லேசான வழி இருக்கிறது: டிஸ்டிரிபியூட்டரைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் அந்த நீள்துளையில் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். சரியாகப் பூட்டிய எஞ்சினில் நடுவை ஒட்டி நிற்கும். ஒரு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் திருப்ப இடமில்லையே” என்ற நிலையில் நின்றால் மேல் கவரைக் கழற்றி கேம் புலியின் குறியைப் பார்க்காமல் வேறு எதையும் தொடக்கூடாது. கவர் கழற்றப் பஞ்சிப்பட்டுத்தான் டிஸ்டிரிபியூட்டர் ஊர் முழுக்க இந்தப் பாடு படுகிறது என்பது என் எண்ணம்.

பெல்ட் சரி, புலியும் சரி என்றால் இப்போது லைட். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் ஓடி நின்ற நேரம் பார்த்துச் செய்யுங்கள், ஏசி, லைட், ரேடியோ எல்லாம் ஓஃப். பொனட்டுக்குள்ளே டயக்னோசிஸ் என்று மூடியில் எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும், மூடியின் உட்பக்கத்தில் எந்த ஓட்டைக்கு என்ன பெயர் என்று படம் போட்டிருப்பார்கள். அதில் ரீஈ1, ஈ1 இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைக்க வேண்டும். படத்தை இரண்டு தடவை பாருங்கள், பக்கத்தில் பற்றரி பொசிட்டிவ் வருகிற ஓட்டையும் இருக்கிறது, அதை ஈ1-இல் கொண்டுபோய்க் குத்தினால் ஃபியூஸ் போகும். ரீஈ1-ஐயும் ஈ1-ஐயும் இணைத்தால் கம்பியூட்டர் தன் கணக்கைக் கைவிட்டு டைமிங்கை ஆரம்பப் புள்ளியில் பூட்டிவைக்கும். ஐட்லிங்கில் முதலாம் பிளக் வயரில் லைட்டை மாட்டிப் பார்த்தால் உச்சிக்கு 10 டிகிரி முன்னால் குறி தெரிய வேண்டும். வயர் போடாமல் லைட் பிடிப்பது வீண் வேலை. கம்பியூட்டர் நிமிஷத்துக்கு நிமிஷம் டைமிங்கை முன்னே பின்னே நகர்த்திக்கொண்டே இருக்கும், அதில் ஒரு கணத்தைப் பிடித்து அதற்கேற்பத் திருப்பினால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இங்கே பலர் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. வயர் போட்ட பிறகும் டைமிங் பூட்டிக்கொள்ள வேண்டுமானால் எக்ஸிலேட்டரில் கால் இல்லை என்பது கம்பியூட்டருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்வது த்ரொட்டில் சென்சருக்குள் இருக்கிற ஐட்லிங் கொன்டக்ட். கேபிளைச் சற்று இறுக்கிக் கட்டியிருந்தாலோ, சென்சரை யாராவது கழற்றிக் கோணலாகப் பூட்டியிருந்தாலோ அந்தக் கொன்டக்ட் மூடாது, டைமிங்கும் பூட்டாது. நீங்கள் பார்க்கிறது ஆரம்பப் புள்ளி என்று நினைத்துத் திருப்புவீர்கள், உண்மையில் அது கம்பியூட்டர் கூட்டிக் குறைத்த கணக்கு. எப்படித் தெரிந்துகொள்வது? வயரைக் கழற்றியதும் குறி உடனே நகர வேண்டும், அதன்பின் ஒரு இடத்தில் நில்லாமல் இலேசாக ஆடவும் வேண்டும். வயர் போட்டாலும் கழற்றினாலும் வித்தியாசமே தெரியாவிட்டால் வயர் தொடவில்லை அல்லது ஐட்லிங் கொன்டக்ட் மூடவில்லை. இரண்டையும் பார்க்காமல் போல்ட்டில் ஸ்பானர் வைக்க வேண்டாம். வயர் போட்டிருக்கும்போதே குறி இங்குமங்கும் துள்ளினால் அது வேறு கதை, டிஸ்டிரிபியூட்டர் ஷாஃப்ட் தேய்ந்து ஆடுகிறது, இல்லாவிட்டால் பெல்ட் தளர்வு.

10 டிகிரியில் வைத்துவிட்டீர்கள், இன்னும் தட்டுகிறதா? அப்படியானால் டைமிங்கைக் குறைத்துச் சமாளிக்க வேண்டாம். பொறி பிந்தினால் பெற்றோல் பிந்தி எரியும், எரிகிற சூட்டில் பெரும்பங்கு எக்ஸோஸ்ட்டுக்கும் டர்போவுக்கும் போகும், மெனிஃபோல்ட் சிவக்கிற அளவுக்குக் கூடப் போகலாம், ஹீட் முள் ஏறுவதும் அதனால்தான். தட்டுகிறதும் எஞ்சினைக் கொல்லும், பிந்துகிறதும் கொல்லும், முன்னது சத்தம் போட்டுக் கொல்லும். உங்கள் காரில் இரண்டையும் மாறி மாறி அனுபவித்துவிட்டீர்கள்.

இந்த நிலையில் நான் முதலில் கை வைப்பது மெனிஃபோல்டிலிருந்து பிரஷர் சென்சருக்குப் போகிற மெல்லிய ரப்பர் ஹோஸ். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று கம்பியூட்டர் தெரிந்துகொள்வது அந்த ஹோஸ் வழியாகத்தான். ரப்பர் காய்ந்து முனையில் வெடித்திருந்தால் ஐட்லிங்கில் ஓரளவு சரியாகவே ஓடும், பூஸ்ட் ஏறும்போது வெடிப்பு விரிந்து காற்று வெளியே போகும், சென்சருக்கு உண்மையை விடக் குறைந்த அழுத்தம் தெரியும். கம்பியூட்டர் என்ன நினைக்கும்? பாரம் குறைவு என்று நினைக்கும். பெற்றோலைக் குறைக்கும், டைமிங்கைக் கூட்டும். ஏற்றத்தில் முழு பூஸ்ட்டில் ஓடுகிற எஞ்சினுக்கு இதைவிட மோசமான கட்டளை கிடையாது, பிஸ்டன் உருகுகிற வேலை அது. செக் எஞ்சின் லைட் எரியாமலே இது நடக்கும், சென்சர் கெடவில்லையே, வயர் அறுகவில்லையே. ஒரு முழம் ஹோஸுக்கு ஆகிற காசு ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டு இருக்காமல் மாற்றிவிடுங்கள்.

அதன்பிறகு நொக் சென்சர். தட்டுவதைக் கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுப்பது அதன் வேலை. அது உயிரோடு இருந்தால் நீங்கள் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னாலேயே கம்பியூட்டர் டைமிங்கைக் குறைத்துவிடும், “சத்தம் இல்லை ஆனால் இழுவையும் இல்லை” என்று வருகிற வண்டிகளில் பல இந்த வகை. உங்களுக்குச் சத்தம் தாராளமாகக் கேட்கிறது, ஆகவே ஒன்று சென்சர் செவிடு, அல்லது அது குறைக்கக்கூடிய அளவைத் தாண்டிய கோளாறு. மேலே சொன்ன அதே ரீஈ1, ஈ1 வயரைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஒன் பண்ணினால் செக் எஞ்சின் லைட் சிமிட்டும். விடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் குறை எதுவும் பதிவாகவில்லை. ஐந்து தடவை சிமிட்டி, நின்று, இரண்டு தடவை சிமிட்டினால் 52, அது நொக் சென்சர். மூன்று சிமிட்டி நின்று ஒன்று என்றால் 31, பிரஷர் சென்சர் பக்கம். 52 என்பது எஞ்சின் தட்டுகிறது என்று சொல்வதல்ல, சென்சரிடமிருந்து சமிக்ஞை வரவில்லை என்று சொல்வது. மாற்றும்போது எஞ்சின் உலோகத்தில் நேராகப் பூட்ட வேண்டும், நடுவில் சிலிக்கன் பூசுவது, ரேப் சுற்றுவது எல்லாம் சென்சரின் காதில் பஞ்சு வைக்கிற வேலை.

இவ்வளவும் முடிகிற வரை டாஷில் இருக்கிற டர்போ ஸ்விட்சை லோவில் போட்டு ஓட்டுங்கள், ஒக்டேன் 95 பெற்றோல் அடியுங்கள், ஏற்றத்தில் உயர்ந்த கியரில் இருந்துகொண்டு அழுத்தி மிதிக்காமல் ஒரு கியர் இறக்கிவிடுங்கள். கொழும்புப் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் பஞ்சிகாவத்தையில் ஒரு டைமிங் லைட் வாங்கி வரச் சொல்லிவிடுங்கள், பாஸ் வைத்திருப்பாரோ மாட்டாரோ, உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: அண்ணா, அப்பாவிடம் முந்தி ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. மலைக்கு வந்தால் டைமிங்கைக் கொஞ்சம் கூட்டி வைக்கவேண்டும், அப்போதுதான் ஏறும் என்று அவர் அடிக்கடி சொல்வார். என் ஸ்டார்லட் ஜீடி டர்போவுக்கும் அப்படிச் செய்யலாமா? 95 அடித்தால் எவ்வளவு கூட்டலாம்?
– புசல்லாவை வாசகர்

பதில்: அப்பா சொன்னது அந்தக் காருக்குச் சரியான பேச்சு. மேலே காற்று ஐதாக இருப்பதால் சிலிண்டரில் கலவை மெதுவாக எரியும், கொஞ்சம் முந்திப் பற்றவைத்தால் மொரிஸ் சந்தோஷமாக இழுக்கும், தட்டுகிற பயமும் குறைவு. அந்தக் காருக்கு நொக் சென்சரும் இல்லை, கம்பியூட்டரும் இல்லை, கூட்டிக் குறைக்க மனுஷர்தான் வேண்டும். உங்கள் காரில் காற்று ஐதாக இருப்பதை பிரஷர் சென்சரே பார்த்துக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. நீங்களும் கூட்டினால் இரண்டு தடவை கூட்டியதாகும். புசல்லாவையில் கூட்டி வைத்த டைமிங்கோடு கம்பளைக்கு இறங்கி கண்டிக்குப் போய் வெக்கையில் மிதித்துப் பாருங்கள், தெரியும். 95 பற்றி: டர்போ காருக்கு 92ஐ விட 95 நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் டிஸ்டிரிபியூட்டரைத் தொட வேண்டாம். 92இல் ஓடும்போது நொக் சென்சர் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தால் 95 அடித்ததும் கம்பியூட்டர் அதைத் தானாக விட்டுக்கொடுக்கும். அப்பாவிடம் என் சலாம் சொல்லுங்கள்.

கேள்வி: வணக்கம். பழைய டர்போ ஸ்டார்லட் ஒன்று வாங்குவதற்குப் பேசி வைத்திருக்கிறேன். தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஐட்லிங்கில் வெக்கியூம் மீற்றர் 14 அங்குலம்தான் காட்டுகிறது, புத்தகத்தில் 17க்கு மேல் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது, டைமிங் பின்னால் இருக்கிறது அல்லது எஞ்சின் தேய்ந்துவிட்டது, வாங்க வேண்டாம் என்கிறார். கார் ஓடுவது நன்றாகத்தான் இருக்கிறது. விட்டுவிடவா?
– பண்டாரவளை வாசகி

பதில்: தங்கச்சி, விடாதீர்கள், இந்தக் காரணத்துக்காக விடாதீர்கள். புத்தகம் கடல் மட்டத்தில் இருந்துகொண்டு பேசுகிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற பலத்தைக் காட்டுவது வெக்கியூம் மீற்றர், ஆயிரம் அடி ஏறினால் அதில் ஒரு அங்குலம் அளவு குறையும். பண்டாரவளை ஏறக்குறைய 1,225 மீற்றர், அதாவது நாலாயிரம் அடி, ஆகவே உங்கள் 14ஐ புத்தகக் கணக்குக்கு மாற்றினால் 18. நல்ல எஞ்சின். இதே காரை நுவரெலியாவில் பார்த்தால் 12 காட்டும், அதுவும் நல்லதுதான். கம்ப்ரெஷன் டெஸ்டுக்கும் இதே நியாயம், வெளியே அழுத்தம் குறைவாக இருந்தால் உள்ளே நசுக்கி எடுக்கிற அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். மலைநாட்டில் எத்தனையோ நல்ல எஞ்சின்களின் ஹெட் இந்தக் கணக்கைப் பார்க்காமலேயே இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். எண்ணைப் பார்க்காதீர்கள், முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் நிற்கிறதா? ஒரே தாளத்தில் விழுந்து விழுந்து எழும்பினால் ஒரு சிலிண்டரின் வால்வு கசிகிறது. அசையாமல் நிற்கிறது, ஆனால் எதிர்பார்ப்பதை விட நாலைந்து அங்குலம் கீழே நிற்கிறது என்றால்தான் பொறி பிந்துகிறதா, பெல்ட் பல் தப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்ரெஷனில் நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சமமாக வருகிறதா என்பதுதான் கேள்வி. பாஸிடம் கோபிக்க வேண்டாம், மீற்றர் வைத்திருக்கிற பாஸ் கிடைப்பதே அபூர்வம். வாங்கினால் ரேடியேட்டர் மூடியையும் புதிதாக மாற்றுங்கள். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் ஏற்றத்தில் கொதிக்கும், அப்புறம் அதற்கும் டைமிங்கைத்தான் சொல்வார்கள்.

கேள்வி: காலையில் மூடுபனி இறங்கியிருக்கிற நாட்களில் என் டர்போ கார் மிஸ் அடிக்கிறது, பூஸ்ட் வந்ததும் குலுக்கிக் குலுக்கிப் போகிறது. பத்து மணிக்கு வெயில் வந்தால் ஒன்றுமே இல்லை. டைமிங் என்று சொல்கிறார்கள்.
– நுவரெலியா வாசகர்

பதில்: வெயில் வந்ததும் டைமிங் தானாகச் சரியாகுமா ஐயா? ஈரம். டிஸ்டிரிபியூட்டர் மூடியில் மயிரிழை போல வெடிப்பு இருக்கும், அல்லது பிளக் வயரின் உறை வெடித்திருக்கும். ஈரம் பட்டால் மின்சாரம் பிளக் வரை போகாமல் சுலபமான வழியில் எஞ்சின் உடம்புக்கு இறங்கிவிடும். பூஸ்ட்டில் மட்டும் வருவதற்குக் காரணம், சிலிண்டரில் அழுத்தம் கூடக்கூட பிளக் இடைவெளியைத் தாண்டிப் பொறி விழுவது கடினமாகும், அந்த நேரம் பலவீனமான வயர் தோற்றுப்போகும். இரவில் வெளிச்சமில்லாத இடத்தில் பொனட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது வயர்கள் மேல் ஸ்பிரே போத்தலால் இலேசாகத் தண்ணீர் தூவிப் பாருங்கள், கையை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள், நீலப் பொறி எங்கே ஓடுகிறதோ அதுதான் குற்றவாளி. மல்டிமீற்றர் இருந்தால் ஒவ்வொரு வயரும் 25 கிலோ ஓமுக்கு மேல் போகக்கூடாது. மூடியைக் கழற்றினால் உட்பக்கத்தில் கறுப்பு ரேகை தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் துடைத்துப் போடுவதில் பிரயோசனமில்லை, மாற்றத்தான் வேண்டும். வயர்களைக் கழற்றினால் திருப்பிப் போடும் ஒழுங்கு 1-3-4-2. டர்போ இல்லாத காரின் பிளக் இடைவெளியைப் பார்த்து வைத்திருந்தால் அதையும் சரிசெய்யுங்கள், டர்போவுக்குச் சிறிய இடைவெளி வேண்டும், உங்கள் எஞ்சினுக்குரிய அளவைக் கைநூலில் பாருங்கள்.

கேள்வி: டீசல் டர்போ டவுன்ஏஸ் வேனுக்கு டைமிங் லைட் பிடிக்கலாமா? பெல்ட் மாற்றிய பிறகு காலையில் வெள்ளைப் புகை வருகிறது.
– தலவாக்கலை வாசகர்

பதில்: பிடிக்க முடியாது, டீசலில் பிளக் பொறியே இல்லையே. அங்கே டைமிங் என்றால் பம்ப் எப்போது டீசலைத் தள்ளுகிறது என்பது. அந்த 2சீ-டி எஞ்சினில் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, ஆகவே முதலில் பம்ப் புலியின் குறி சரியாக நிற்கிறதா என்று கவரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் பிந்திப் போனால் குளிரில் முழுதாக எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். க்ளோ பிளக் ஒன்று செத்திருந்தாலும் இதே புகைதான், அதையும் பற்றரியில் பிடித்துச் சோதியுங்கள். இரண்டும் சரியென்றால் பம்ப் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள், பம்பின் பின்னால் டயல் கேஜ் பூட்டி பிளஞ்சர் எவ்வளவு நகர்கிறது என்று அளந்துதான் டைமிங் வைக்க வேண்டும், பம்பைக் கையால் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறவர் என்றால் வேனைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.